வேலை செய்யும் மொழியே வாழும்

(வட்டுக்கோட்டையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



மொழி மாறிக்கொண்டே இருக்கின்றது. இதனை நாம் மறுக்கவில்லை. நம் பாட்டனார் பேசிய தமிழை நாம் அப்படியே பேசவில்லை. நாம் பேசும் தமிழை நம் பேரப்பிள்ளைகள் அப்படியே பேசப்போவதுமில்லை. இம்மாற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் ஒருசாரார். ‘இளைஞர் வாயிற் பட்டுத் தமிழ் சிதைகின்றதே’ என்று அவர்கள் புலம்புகின்றனர். ‘மாறுவது மொழியின் இயல்பு, நாம் என்ன செய்வது?’ என்று கைகட்டி இருப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிடமும் நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. மொழியை மாற்றுகின்ற கை யாருடைய கை? அம்மாற்றத்தினால் யாருக்கு வாசல் திறந்தது, யாருக்கு வாசல் அடைபட்டது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இவ்வட்டுக்கோட்டை மண்ணின் இருநூறு ஆண்டுக் கதையே போதிய விடை தரும்.

முதலில் நம் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். குசினியிலே தாச்சி இருக்கின்றது. முன்னறையிலே கதிரையும் மேசையும் வாங்கும் இருக்கின்றன. உள்ளே அலுமாரி, அலுமாரிக்குள்ளே லாச்சி. சுவரிலே யன்னல். காலை உணவுக்குப் பாண், காலுக்குச் சப்பாத்து. இவற்றுள் லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல். ஏனையவெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் போயினர், அவர்களுடைய சொற்கள் நம் வீட்டு மூலைகளில் தங்கிவிட்டன.

இதனால் தமிழ் கெட்டதா? கெடவில்லை. ‘கதிரை’ என்ற சொல் நம்மிடம் வந்ததும் தமிழ்ச் சொல்லைப் போலவே வேற்றுமை ஏற்றது. கதிரையில் இருந்தோம், கதிரையை எடுத்தோம், கதிரைக்குக் கால் போட்டோம். வந்த சொல் நம் இலக்கணத்துக்குப் பணிந்து நடந்தது. அதே காலத்தில், பழைய சொற்களை நம்மவர் கைவிடவும் இல்லை. தமிழ்நாட்டார் போர்த்துக்கேயச் சொல்லாகிய ‘சாவி’யைக் கொண்டு பூட்டைத் திறக்கின்றனர், நாமோ ‘திறப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லால் திறக்கின்றோம். அவன், இவன் என்பவற்றுக்கு இடையே நிற்கும் ‘உவன்’, ‘உது’, ‘உங்கே’ என்னும் பழந்தமிழ்ச் சுட்டுக்கள் தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோயின. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வாயில் அவை இன்றும் இயல்பாக வருகின்றன. எனவே, அயற்சொல் வந்து புகுவதைக் கண்டு நாம் நடுங்கவேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்த விருந்தினன் பாயில் இருந்துவிட்டுப் போவான். அவனால் வீட்டுரிமை போய்விடாது.

ஆயினும், வேறொரு வகைச் சொற்களும் வந்தன. கந்தோர் என்றோம், அது ஒல்லாந்தச் சொல். நொத்தாரிசு என்றோம், அதுவும் அவர்களுடையதே. காணிப் பதிவேட்டைத் தோம்பு என்றோம். அது போர்த்துக்கேயச் சொல். இச்சொற்கள் குசினி வழியாக வந்தவை அல்ல. ஆட்சி வழியாக வந்தவை. காணி யாருடையது, வரி எவ்வளவு, வழக்கில் வெல்பவன் யார் என்று தீர்மானித்த இடத்தின் பெயர்கள் இவை. உழவுத் தொழிலைப் பாருங்கள். கமம், தறை, நாற்று, துலா, பட்டை, அரிவுவெட்டு, சூடு என்று எல்லாம் தமிழாகவே நிற்கின்றன. வயலில் இறங்கி உழுவதற்கு எந்த அந்நியனும் வரவில்லை. வயலை அளந்து எழுதுவதற்கு மட்டுமே வந்தான். ஆகவே உழுகின்ற சொல் தமிழாக இருந்தது. உரிமையைக் குறிக்கின்ற சொல் பிறமொழியாயிற்று. மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை விளக்க இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

தேசவழமையின் கதையையும் கேளுங்கள். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட காணி வழக்கம், சீதன வழக்கம், ஒற்றி வழக்கம் ஆகியவற்றை 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தான். அது முதலில் ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டது. பின்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாருக்குக் காட்டி அவர்களுடைய சம்மதம் பெறப்பட்டது. நமது வழக்கத்தை நாமே அறிந்துகொள்வதற்கு அந்நிய மொழியிலிருந்து மொழிபெயர்ப்பு வேண்டியதாயிற்று! 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதன்பின் நீதிமன்றங்கள் அதனை ஆங்கிலத்தில் வாசித்தன, ஆங்கிலத்தில் வாதித்தன, ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொல்லின. வழக்காளி தமிழன், எதிராளி தமிழன், நியாயவாதி தமிழன், வழக்கமும் தமிழருடையது. ஆயினும் தன் காணி போயிற்றா நின்றதா என்பதை அறிய, வழக்காளி பிறர் முகத்தைப் பார்த்து நின்றான்.

இனி இம்மண்ணுக்கு வருவோம். 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானசாத்திரமும் தத்துவமும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆங்கிலத்தோடு தமிழும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கித் தந்தார். தாமோதரம்பிள்ளையோ செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்து அச்சேற்றினார். ஆங்கிலம் கற்றவர் தமிழை மறப்பர் என்பாருக்கு இவ்விருவரும் தக்க விடையாவர்.

ஆனால், மற்றொரு பக்கமும் உண்டு. செமினரிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரிற் பலர் நாடியது வானசாத்திரத்தையன்று, வேதத்தையுமன்று. அவர்கள் நாடியது ஆங்கிலத்தை. ஏன்? ஆங்கிலம் கற்றவனுக்கே கச்சேரியில் கதிரை கிடைத்தது. 1855ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர், செமினரி ஆங்கில உத்தியோகத்தருக்கான பயிற்சிக்கூடமாக மாறிவருகின்றது என்று கருதினர். அவ்வாண்டே அது மூடப்பட்டது. மூடினாற் போல ஆசை மூடப்பட்டுவிடுமா? 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. நம்மவரின் ஆங்கில ஆசையை அடிமைப் புத்தி என்று ஏளனம் செய்வது எளிது. கல்லும் சுண்ணாம்பும் நிறைந்த இத்தறையிலே, ஆழக் கிணறு வெட்டித் துலாமிதித்து வயிறு வளர்த்த ஒரு மக்கட்கூட்டம், தன் பிள்ளை மழையை நம்பாமற் பிழைக்கவேண்டும் என்று விரும்பியதிற் குற்றமில்லை. அந்த விருப்பத்துக்கு ஆங்கிலம் ஒன்றையே வாசலாக வைத்த ஆட்சியே விசாரிக்கப்படவேண்டியது.

அக்காலத்தில் இங்கே தமிழ் உறங்கிக் கிடக்கவுமில்லை. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை தோன்றியது. 1842இல் மானிப்பாயில் தமிழ் அகராதி ஒன்று அச்சாயிற்று. இத்தீபகற்பத்திலே நெடுங்காலம் திரட்டப்பட்ட சொற்களின் துணையோடு வின்சிலோ முடித்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. அதிலே 67,000 சொற்களுக்கு மேல் உண்டு. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தமிழ் உரைநடை பண்டிதர் வீட்டுத் திண்ணையை விட்டிறங்கிப் பள்ளிப்பிள்ளையின் கைக்கு வந்தது. சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு, எளிதில் வாசிக்கத்தக்க வசனத்தை அவர் எழுதினார். இதுவும் மொழிமாற்றமே. ஆனால், இம்மாற்றத்தைச் செய்த கை நம்முடைய கை. இதனால் திறந்த வாசல் நம் பிள்ளைகளுக்குத் திறந்த வாசல்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். தமிழுக்கு இவ்வளவு ஆற்றல் இருந்ததாயின், அது ஏன் தொழில்மொழியாக நிலைக்கவில்லை? ‘விஞ்ஞானத்துக்குத் தமிழில் சொற்கள் இல்லை’ என்று சிலர் பதில் சொல்வர். அது பொய் என்பதற்கு இங்கிருந்து மிகத் தொலைவில் அல்லாத மானிப்பாயே சாட்சி.

1847இல் இத்தீபகற்பத்துக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவசாலை நடத்தினார். மேலைத்தேய மருத்துவத்தை நம்மவருக்குப் போதித்தார். முதலில் ஆங்கிலத்திற் போதித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போவதைக் கண்டார். தமிழிற் கற்றவனே தன் ஊரில் தங்கித் தன் மக்களுக்கு மருந்து கொடுப்பான் என்று துணிந்து, 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அதற்காக உடற்கூறு, பிரசவம், இரணவைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளின் பெருநூல்களெல்லாம் அவராலும் அவருடைய தமிழ் மாணவராலும் தமிழாக்கப்பட்டன. வடமொழியிற் சொல் இருந்தால் எடுத்தார். தமிழில் ஆக்க முடிந்தால் ஆக்கினார். முடியாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றினார். வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்ட நூலும் வந்தது.

அம்முயற்சிக்கு என்ன நேர்ந்தது? 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். அரசாங்கத்தின் நியமனமும் சம்பளமும் அவ்வழியிலே கிடைத்தன. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். தமிழ் மருத்துவக் கல்வி சிறிது காலத்தில் ஓய்ந்தது. சொல் இல்லாமல் அது சாகவில்லை. நூல் இல்லாமலும் சாகவில்லை. கற்றவனுக்கு அரசின் கதவு திறவாமையாற் செத்தது. வழுக்கையாற்றைப் பாருங்கள். மாரியிலே பெருகி வருகின்றது. வாய்க்கால் வெட்டி மறித்தவனுக்கு நெல்லாகின்றது. மறியாதவனுக்கு அராலிக் கடலிற் போய் விழுகின்றது. தமிழிலே வெள்ளத்துக்குக் குறைவு இருந்ததில்லை. வாய்க்கால் வெட்டும் மண்வெட்டி பிறர் கையில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இதனை நன்குணர்ந்த இளைஞர் கூட்டம் ஒன்று இந்த ஊரிலேயே தோன்றிற்று. 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியைச் சார்ந்து உருவான மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். தாய்மொழியிற் கல்வி வேண்டும், நாட்டு மொழிகளில் ஆட்சி வேண்டும், சாதிப்பாகுபாடு ஒழியவேண்டும் என்று அவர்கள் முழங்கினர். அவர்களுடைய கோரிக்கையிலே தமிழுக்கு ஒரு நீதி, சிங்களத்துக்கு ஒரு நீதி என்பது இருக்கவில்லை.

சிங்களக் கமக்காரனும் ஆங்கில ஆட்சியிலே நம்மைப் போலவே வாசலில் நின்றவன்தான். விளங்காத மொழியிலே விசாரிக்கப்பட்டவன். விளங்காத பத்திரத்திலே கைநாட்டு இட்டவன். ‘என் மொழியில் என்னை ஆளுங்கள்’ என்று அவன் கேட்டது நியாயமே. 1944இல் அரசாங்கசபையிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணை முதலிற் சிங்களத்தையே குறித்தது. வ. நல்லையா தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். திருத்திய பிரேரணையே நிறைவேறிற்று. இரு கமக்காரரும் ஒருசேர உள்ளே வரத்தக்க வாசல் அன்று திறக்கவிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நடந்ததை நாடறியும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிற்று. அச்சட்டம் வரையப்பட்ட மொழியோ ஆங்கிலம்! அன்று தமிழிலிருந்து ஒரு சொல் குறைந்ததா? ஓர் எழுத்து உதிர்ந்ததா? முதல்நாள் இரவு எத்தனை சொற்கள் இருந்தனவோ, மறுநாட் காலையும் அத்தனையும் இருந்தன. ஆயினும் தமிழின் வலிமை ஒரு சட்டத்தின் சிலவரிகளால் அறுந்தது. ஆங்கிலத்தில் தேறி, உத்தியோகம் பெற்று, குற்றம் குறையின்றிக் கடமை செய்த தமிழர், ஒரே நாளில் ‘மொழியறியாதவர்’ ஆயினர்.

கோடீஸ்வரன் வழக்கை எண்ணிப் பாருங்கள். அவர் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் இணங்கவில்லை. 1962இல் அவருக்குரிய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1967இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் இலண்டன் பிரிவிக்கவுன்சில், வழக்காடலாம் என்று தீர்த்தது. ஆனால், மொழிச்சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் மூலக் கேள்வியை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பிற்று. பிரிவிக்கவுன்சிலுக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு சிங்களத்தின் தனியிடத்தை அரசியல் யாப்பிலேயே பொறித்தது. ஒரு மனிதனின் சம்பள உயர்வில் தொடங்கிய கேள்வி, விடை காணாமலே புதைந்தது.

1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது; அதற்கான பிரமாணங்கள் 1966 வரை வரவில்லை. 1961 பெப்ரவரி 20ஆம் நாள் தொடங்கி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே ஆயிரக்கணக்கான மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் உத்தியோகம் நாடியவர்கள் அல்லர். கமக்காரரும் தொழிலாளரும் பெண்களும் ஆவர். மொழி படித்தவனின் சிக்கல் என்று எண்ணுவோர் அந்நாளை நினைத்துப் பார்க்கட்டும். 1976 மே 14ஆம் நாள் இவ்வட்டுக்கோட்டையைச் சேர்ந்த பண்ணாகத்திலே நிறைவேறிய தீர்மானத்துக்கும், அதன்பின் நாம் கடந்துவந்த இரத்த ஆண்டுகளுக்கும் பின்னே, வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மொழியின் கதையும் உண்டு.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக வகுத்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. எழுத்தளவில் நாம் கேட்டதிற் பெரும்பகுதி இன்று சட்டப்புத்தகத்தில் இருக்கின்றது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தமிழ்ப் பகுதிக் கந்தோர்களுக்கும் சிங்களத்தில் மட்டும் சுற்றறிக்கை வருகின்றது என்னும் முறைப்பாடு ஓயவில்லை. அரசாங்கப் பெயர்ப்பலகைகளிலே தமிழ் எழுத்துக்கள் தலைகீழாய்ப் பொருள் மாறி நிற்பதைக் கண்டு நாம் நகைக்கின்றோம். அது நகைப்புக்குரியதன்று. பிழையான பலகையை எழுதியவனுக்கு ஒரு துணிவு இருந்தது: ‘இதனை வாசித்துக் கேள்வி கேட்பார் இல்லை’ என்னும் துணிவு. அத்துணிவை அவனுக்குக் கொடுத்தவர் யார்?

இங்கேதான் நாம் நம்மை நோக்கித் திரும்பவேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தாற் பொன்குடம் என்பார்கள். அரசு தமிழை வாசலில் நிறுத்தினால் அது அநீதி. நாமே நிறுத்தினால் அது நாகரிகமா? நம் பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டு பாடசாலையிலே பௌதிகத்தையும் இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழிற் கற்கின்றனர். ஒட்சிசன், ஐதரசன், கலம், இழையம் என்று தமிழில் எழுதித் தேறுகின்றனர். பின்பு பல்கலைக்கழகத்திலே மருத்துவத்தையும் பொறியியலையும் ஆங்கிலத்திற் கற்கின்றனர். உலக அறிவைப் பெற அது தேவையே. ஆங்கிலத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால், மருத்துவராகத் திரும்பிய பிள்ளை, தன் முன்னே இருக்கும் தாய்க்கு அவளுடைய நோயை அவளுடைய சொல்லிலே விளக்க முடியாமல் தடுமாறுமானால், அங்கே இழப்பு யாருக்கு? கிறீன் என்னும் அமெரிக்கர் 1864இல் செய்யத் துணிந்ததை, தமிழ்த் தாய் வயிற்றிற் பிறந்தவர் செய்யத் தயங்குவது முறையா?

கமக்காரனின் நிலையையும் பாருங்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தெளிக்கும் மருந்து அவனுடைய நுரையீரலுக்குள்ளும் போகின்றது. போத்தலின் மேல் எழுதிய எச்சரிக்கை அவனுக்கு விளங்கவேண்டும். விளங்காத தமிழிலே எழுதிய எச்சரிக்கையும் அந்நிய மொழியில் எழுதியதற்குச் சமமே. வங்கிக் கடன் பத்திரம், காணி உறுதி, காப்புறுதி நிபந்தனை ஆகியவற்றில் ஒவ்வொரு கையொப்பத்தின் மேலும் ஒரு மொழி இருக்கின்றது. ‘இதிலே ஒப்பமிடுங்கள் அண்ணை, ஒன்றும் இல்லை’ என்று சொல்பவன் நல்லவனாக இருக்கலாம். ஆயினும் உரிமை நல்லவனுடைய வாய்ச்சொல்லில் தொங்கக்கூடாது. வாசித்து விளங்கி ஒப்பமிடுபவனே குடிமகன். விளங்காமல் ஒப்பமிடுபவன் கைநாட்டுக்காரனே.

இன்னுமொன்று சொல்லவேண்டும், கசந்தாலும் சொல்லவேண்டும். நம் தமிழுக்குள்ளேயும் வாசல்கள் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த முதியவரை, முளைத்து மூன்று இலை விடாத சிறுவன் ‘நீ’ என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. அம்முதியவரோ அச்சிறுவனைப் பணிவோடு விளிக்கவேண்டியிருந்தது. கந்தன், வேலன் என்று முடிந்தாற் போதும், ‘பிள்ளை’ என்று நீளக்கூடாது என்று பெயருக்கும் வேலி இட்டிருந்தோம். சிங்களம் மட்டும் சட்டத்தால் நாம் பட்ட அவமானத்தை, நம் மொழியின் விகுதிகளாலேயே நம் அயலவர் நாள்தோறும் பட்டனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தை முந்திக்கொண்டும் சட்டத்தின் பின்னாலும் போராடியவர்கள் அம்மக்களே. இன்று யாழ்ப்பாணத்திலே ‘நீங்கள்’ என்னும் சொல் முன்பு போகாத முற்றங்களுக்குள்ளும் போகின்றது. கடந்த நூறு ஆண்டிலே தமிழில் நேர்ந்த மாற்றங்களுள் நாம் தலைநிமிர்ந்து பெருமைப்படத்தக்கது இதுவே. அது இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

சட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் மொழி வாழ்ந்துவிடும் என்று எண்ணுவோருக்குச் சிங்கப்பூர் ஓர் எச்சரிக்கை. அங்கே தமிழ் அரசகரும மொழிகள் நான்கினுள் ஒன்று; பாடசாலையில் உண்டு, பத்திரிகை உண்டு, வானொலி உண்டு. ஆயினும் வீட்டிலே பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இன் குடிசனமதிப்பில் நூற்றுக்கு 3.3 ஆக இருந்து, 2020இல் 2.5 ஆகக் குறைந்தனர். வேலையும் உயர்வும் ஆங்கிலத்தின் வழியே வருமாயின், தாய்மார் தொட்டிலருகிலேயே ஆங்கிலம் பேசத் தொடங்குகின்றனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர் கோயிலும் பள்ளியும் கட்டித் தமிழை வளர்க்கின்றனர். அவர்களை நாம் வணங்குகின்றோம். ஆனால் அவர்களாலும் கட்ட முடியாத ஒன்று உண்டு. தமிழிலே தொழில் நடக்கும் ஊரை அங்கே கட்ட முடியாது. அந்த ஊர் இங்கேதான் இருக்க முடியும். அதனாலே நம் பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

ஆகவே நாம் கேட்பவை சில. மருத்துவர்களே, நோயாளி வீடு கொண்டுபோகும் தாளிலே மருந்தை எப்போது, எவ்வளவு உண்ணவேண்டும் என்பதையேனும் தமிழில் எழுதுங்கள். நியாயவாதிகளே, நொத்தாரிசுமாரே, உறுதியை ஒப்பமிடுமுன் விளங்கும் தமிழில் வாசித்துக் காட்டுவதைச் சடங்காக்காமற் கடமையாக்குங்கள். விவசாய உத்தியோகத்தர்களே, உங்கள் துண்டுப்பிரசுரத்தை அச்சேற்றுமுன் ஒரு கமக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் இடத்திலே சொல்லை மாற்றுங்கள். ‘தறை’ என்று அவர் சொல்வதை ‘நிலப்பரப்பு’ என்று எழுதித்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கின்றது? ஆசிரியர்களே, பிள்ளை கதிரை என்று எழுதினால் அடிக்காதீர்கள். விளங்காமல் எழுதினால் மட்டும் திருத்துங்கள்.

கமக்காரப் பெருமக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். கந்தோரிலே விளங்காத மொழியில் ஒரு படிவத்தை நீட்டினால், ‘தமிழிலே தாருங்கள்’ என்று கேளுங்கள். சண்டையிட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கின்றது. ஒருவர் கேட்டாற் பிடிவாதக்காரர் என்பர். பத்துப்பேர் கேட்டால் முறைப்பாடு என்பர். ஊரே கேட்டால் அதுவே நடைமுறையாகிவிடும். கேளாத உரிமை இறைக்காத கிணறு. பாசி பிடிக்கும், பின்பு தூர்ந்துபோகும்.

தமிழ் இனியும் மாறும். புதிய சொற்கள் வரும். பழைய சொற்கள் சில போகும். வரட்டும், போகட்டும். கதிரையை ஏற்ற மொழி இன்னும் எத்தனையோ சொற்களை ஏற்கும். ஆனால் காணியின் உறுதியிலும், நோயின் பெயரிலும், நீதிபதியின் தீர்ப்பிலும், கமக்காரனின் மருந்துப் போத்தலிலும் தமிழ் இருக்கவேண்டும். அங்கெல்லாம் இருந்தால் அதைக் காக்க நாம் மேடை போட்டுப் பேசவேண்டிய தேவை வராது. அங்கெல்லாம் இல்லையென்றால் எத்தனை மேடை போட்டாலும் பயன் வராது. வாய்க்கால் வெட்டும் மண்வெட்டி இப்போது பாதியாவது நம் கையில் இருக்கின்றது. வெட்டுவோமாக.